மொட்டை மாடியில் ராக்கெட் தெரிகிறது, வீட்டில் நெட் வரவில்லை!

2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்கு எங்கள் தெருவே மொட்டை மாடியில் நின்றது. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இது பழகிய காட்சிதான். வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால், நாங்கள் டிவியில் பார்ப்பதில்லை, மாடிக்கு ஏறிவிடுவோம். அன்று போன எல்.வி.எம்.3 ராக்கெட்டில் 36 ஒன்வெப் செயற்கைக்கோள்கள் இருந்தன. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2022 அக்டோபர் 23 நள்ளிரவிலும் இதே போல் 36 போயின. இவையெல்லாம் எதற்கு? கேபிள் போகாத ஊர்களுக்கும் பிராட்பேண்ட் இன்டர்நெட் கொடுக்க!

கை தட்டிவிட்டுக் கீழே இறங்கிக் கடையைத் திறந்தேன். மோடத்தில் சிவப்பு விளக்கு. நெட் இல்லை.

நான் 2003 முதல் இங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். முதலில் நான்கு கம்ப்யூட்டர், ஒரு டயல் அப் இணைப்புடன் பிரவுசிங் சென்டர். இப்போது சர்வீஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். இத்தனை வருடத்தில் என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் டவுன்காரர்கள் அல்ல. பழவேற்காடு பக்கம், ஊத்துக்கோட்டை பக்கம், ஆந்திர எல்லை ஓரக் கிராமங்களில் இருந்து பஸ் ஏறி வருபவர்கள். இருபது வருடம் முன்பு பிரவுசிங் செய்ய வந்தார்கள். இன்றும் வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஒரு மாணவியின் கதை

சில வருடங்களுக்கு முன் நடந்தது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனுக்கு மாறிவிட்டது உங்களுக்குத் தெரியும். கல்லூரிகளின் பெயரை வரிசைப்படுத்தி ஏற்ற வேண்டிய கடைசி நாள். கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்து ஒரு பெண் நோட்டுடன் ஓடி வந்தாள். நாற்பது கல்லூரிகளை அழகாக எழுதி வைத்திருந்தாள். "எங்க ஊர்ல ரெண்டு நாளா சிக்னலே இல்லண்ணா" என்றாள்.

அன்று பார்த்து, குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜே.சி.பி. எங்கள் தெரு கேபிளையும் அறுத்துப் போட்டிருந்தது. என் செல்போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். பக்கம் திறப்பதும் நிற்பதுமாக, நேரம் முடிவதற்குள் ஒன்பது கல்லூரிகள்தான் ஏறின. அந்த ஒன்பதும் அவள் மார்க்குக்கு எட்டாதவை. நோட்டின் கீழ்ப்பாதியில்தான் அவளுக்குக் கிடைக்கக்கூடியவை இருந்தன. அடுத்த சுற்றுக்கு அலைய அவள் அப்பாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அவள் பி.காம். சேர்ந்தாள். நல்ல படிப்புதான். ஆனால் அவள் கேட்ட படிப்பு அது அல்ல.

செல்போன் போதாதா?

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே கேட்பது: "எல்லார் கையிலும் 4ஜி இருக்கே, இன்னும் எதுக்கு சார் பிராட்பேண்ட்?" 2016-ல் டேட்டா விலை சரிந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரவுசிங் சென்டரை மூடியதே அதனால்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். டிராய் 2024-ல் வெளியிட்ட விவரங்களின்படி நாட்டில் 90 கோடிக்கும் மேல் பிராட்பேண்ட் இணைப்புகள். அவற்றில் வயர் வழியாக வீட்டுக்கு வருவது சுமார் 4 கோடி. அதாவது இருபதில் ஒன்று கூட இல்லை. மீதி எல்லாம் செல்போன்.

செல்போன் டவரின் வேகம் அதன் கீழே இருக்கும் எல்லோருக்கும் பங்கு. மாலை ஏழு மணிக்கு ஊரே வீடியோ பார்த்தால், உங்கள் பங்கு கால் டம்ளர்தான். அந்த டவருக்கே பைபர் கேபிள் போகாமல், இன்னொரு டவரில் இருந்து ரேடியோ வழியாக நெட் வந்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவுடன் ஷிப்ட் வேலைக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இதை நேரில் பார்த்தோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1 அன்றுதான்.

இன்னொரு பக்கம், அரசாங்கமே நெட்டை நம்பி நடக்கிறது. பட்டா மாற்றம் ஆன்லைனில். ரேஷன் கடையில் கைரேகை. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செல்போன் ஆப்பில்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். வெயிலில் நின்று வேலை செய்தவரின் கூலி, போட்டோ அப்லோட் ஆவதைப் பொறுத்தது என்றாகிவிட்டது. ஒன்றைக் கட்டாயமாக்குபவர், அதற்குரிய வழியையும் போட்டுத் தர வேண்டாமா?

நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ்

எங்கள் பகுதிக்குக் கேபிளே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2002-ல் சிங்கப்பூரில் இருந்து ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னைக் கரைக்கு வந்தது. 2005-ல் சீ-மீ-வீ 4 வந்தது. அம்பத்தூரில் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள். ரயில் பாதை ஓரமாக பைபர், நெடுஞ்சாலை ஓரமாக பைபர். சிப்காட் தொழிற்சாலைகளுக்குத் தனி லீஸ்டு லைன். கும்மிடிப்பூண்டிக்கு போன் கோடு கூட சென்னையின் 044தான்!

ஆனால் பைபர் பக்கத்தில் போனால் மட்டும் நெட் வராது. டெல்லி போகும் எக்ஸ்பிரஸ் ரயில்களும் எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போகின்றன. நிற்காமல் போகிற ரயிலில் நாம் எப்படி ஏறுவது? ஊருக்குள் ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து வீடு வீடாகக் கேபிள் இழுத்து, அறுந்தால் ஒட்டவும் ஒரு ஆள் இருந்தால்தான் அது நமக்கு நெட்.

முயற்சி இல்லாமல் இல்லை

நம் ஆட்கள் இதில் முன்னோடிகள் என்பதையும் சொல்ல வேண்டும். 1998-லேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை இன்டர்நெட்டில் பார்த்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் வயர்லெஸ் மூலம், 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் கியோஸ்க்குகள் வந்தன. வேகம் 35, 70 கிலோபிட்தான். அதை வைத்தே கண் நோயாளிகளின் படத்தை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்!

2004 அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை, 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. 2013-ல் அது 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது. ஆனால் டெலிபோன் வயரில் வரும் டி.எஸ்.எல். எக்ஸ்சேஞ்சில் இருந்து நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் திணறும். கிராமங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தன.

அதனால்தான் 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் பைபர் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இரண்டே வருடத்தில் முடியும் என்றார்கள். 2015-ல் அதன் பெயர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்காக 2018-ல் டான்பிநெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. திட்ட மதிப்பு 1,815 கோடி ரூபாய். 2020-ல் டெண்டர் ரத்தாகி, மறு டெண்டர் விட்டு, 2022-ல்தான் வேலை தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டும் 526 ஊராட்சிகள்.

எங்கே இடிக்கிறது?

2025 தொடக்கத்தில் மத்திய அரசு சொன்ன கணக்கு: நாடு முழுக்க 2.14 லட்சம் ஊராட்சிகள் இணைப்புக்குத் தயார். வீடுகளுக்குக் கொடுத்த பைபர் இணைப்பு சுமார் 12 லட்சம். வகுத்துப் பாருங்கள். ஒரு ஊராட்சிக்கு ஆறு வீடு கூட இல்லை! ஊராட்சி அலுவலகம் வரை கொண்டு வந்த பைபர், பூட்டிய அறைக்குள் ஒரு பெட்டியாக நின்றுவிட்டால் யாருக்கு என்ன லாபம்?

முதல் கட்டத்தில் ஒன்றியத்தில் இருந்து ஊராட்சிக்கு ஒரே வழியாகக் கேபிள் போட்டார்கள். நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் அதற்கப்பால் எல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த திருத்திய திட்டத்தில் இதை வளையமாக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக நெட் வரும். பத்து வருடப் பராமரிப்பையும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். காகிதத்தில் இருப்பது களத்துக்கு வர வேண்டும்.

"கிராமத்தில் லாபம் இல்லை, கம்பெனிகள் ஏன் வரும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. லாபமில்லாத ஊர்களுக்காகவே 2002-ல் ஒரு நிதி தொடங்கினார்கள். இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. டெலிகாம் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தை அதற்குக் கட்டுகின்றன. அந்த வருமானம் நீங்களும் நானும் செய்யும் ரீசார்ஜ்தான். ஆக, கிராமத்து நெட் யாரோ போடும் பிச்சை இல்லை. ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது!

என்ன செய்யலாம்?

முதலில், வீட்டுக்குக் கேபிள் இழுக்கும் வேலையை உள்ளூர் கேபிள் டிவிக்காரரிடம் கொடுங்கள். அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். அறுந்தால் அன்றே ஏணியோடு வந்து நிற்பார். இல்லாவிட்டால் தெருவில் நடக்க முடியாதே!

இரண்டாவது, பள்ளம் தோண்டுவதற்கு முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு ஆப் வெளியிட்டது. சாலை, குடிநீர் கான்ட்ராக்டர்களுக்கு அதைக் கண்டிப்பான நிபந்தனையாக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கேபிள் அறுந்திருக்காது.

மூன்றாவது, 2020 டிசம்பரில் வந்த பி.எம். வாணி திட்டம். பெட்டிக்கடைக்காரர் கூட லைசென்ஸ் இல்லாமல் வை-பை விற்கலாம். மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பரவியது நினைவிருக்கிறதா? அதே வழிதான். ஊராட்சியின் பைபர் குறைந்த வாடகைக்கு அவருக்குக் கிடைக்க வேண்டும்.

நான்காவது, நம் சிப்காட் தொழிற்சாலைகள். லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு இருக்கிறது. சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சி நூலகத்துக்கும் ஒரு பைபர் இணைப்பு, நான்கு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் ஓட ஒரு யு.பி.எஸ். கேட்டால் அதிகமா?

கடைசியாக, நாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தெரு விளக்கு, தண்ணீர் பற்றிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊராட்சிக்கு பைபர் வந்துவிட்டதா? பெட்டி ஓடுகிறதா? வீட்டு இணைப்புக்கு யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

என் கடைக்கு வியாபாரம் குறையுமே என்று மனைவி கேட்கிறாள். குறையட்டும். ரிப்பேருக்கு மோடம் வரும், பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கலந்தாய்வு நாளில் எந்தப் பிள்ளையும் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மாடிக்கு ஏறக் கூடாது.