விற்ற பின்னும் எஜமானர்

அந்நிய ஹோட்டல் கம்பெனியின் பெயரை நாடிக் கட்டடம் எழுப்பும் நமது முதலாளிகள், நியூயார்க் வால்டார்ப் அஸ்டோரியாவின் விருத்தாந்தத்தைக் கவனிப்பார்களாக. 2014-இல் ஹில்டன் கம்பெனியார் அதைச் சீன தேசத்து அன்பாங் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கு 195 கோடி டாலருக்கு விக்கிரயம் செய்ய உடன்பட்டனர். ஆனால் நூறு வருஷ நிர்வாகம் தமக்கே என்று ஷரத்தும் எழுதிக்கொண்டனர். (நூறு வருஷத்துக்கு ஒரே காரியஸ்தரை நியமிக்கும்படி எந்த வக்கீல்தான் தன் கட்சிக்காரருக்கு யோசனை சொல்வான்?) புதுப்பிக்கும் செலவும் நஷ்டமும் வாங்கினவர் தலையில், பெயரும் நிர்வாகக் கூலியும் விற்றவர் கையில். 2017-இல் ஹோட்டலை மூடிச் செப்பனிடத் தொடங்கவே, சிப்பந்திகள் பலர் வேலையிழந்தனர். மறு வருஷம் சீன ஸர்க்கார் அன்பாங்கைத் தன் வசம் எடுத்துக்கொண்டது; அதன் தலைவர் மோசடிக் குற்றத்திற்காக 18 வருஷச் சிறைத் தண்டனை அடைந்தார். 2025-இல்தான் கதவு மறுபடியும் திறந்தது. உள்ளே நிர்வாகம் செய்வோர் ஹில்டன் கம்பெனியாரே.