கடல் கடந்த களத்தில் நித்திய கருமங்கள்

வெளியூர்ப் பயணத்தில் ஒரு நாள் நீராட்டமும் பூஜையும் தவறினாலே நம்மில் பலருக்கு மனம் ஒருநிலையில் நிற்பதில்லை. 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்கள், ஓராண்டுக்கும் மேலாக அந்நிலையிலேயே வாழ்ந்தனர். பஞ்சாப், கார்வால், நேபாளம் முதலிய பகுதிகளின் உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். பதுங்குகுழிகளில் முழங்கால் அளவு சேறு. குளிரோ அவர்கள் அறியாதது. ஆயினும் கோதுமை மாவும் பருப்பும் நெய்யும் அவர்களுக்குத் தனியே வழங்கப்பட்டன.

காயமுற்றோர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு அனுப்பப்பட்டனர். மன்னர் நான்காம் ஜார்ஜின் பழைய அரண்மனையே அங்கே மருத்துவமனையாயிற்று. சமயத்திற்கும் உணவு நியமத்திற்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள் அமைந்தன. ஒவ்வொரு கூடத்திலும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். சீக்கியர் வழிபடத் தோட்டத்தில் ஒரு கூடாரம். கணக்கேடுகளோடு காலம் கழித்த எனக்கு, அந்த ஒன்பது அடுக்களைகளின் பண்ட இருப்பை அன்றாடம் எவர் எழுதியிருப்பார் என்னும் எண்ணமே முதலில் எழுந்தது!

இதனைத் தூய கருணை என்று கொள்வதற்கில்லை. சிப்பாய்களின் விசுவாசம் அரசுக்குத் தேவைப்பட்டது. மருத்துவமனைப் புகைப்படங்கள் இந்தியாவில் பரப்பப்பட்டன. நோயாளிகளுக்கோ விருப்பம்போல் நகருக்குள் உலவ உரிமையில்லை. வீட்டுக்கு எழுதும் கடிதங்களும் தணிக்கைக்கு உட்பட்டன. அதனால் ஒரு சிப்பாய் தம்மவரைக் கருமிளகென்றும் ஆங்கிலேயரைச் செம்மிளகென்றும் குறித்து, கருமிளகே மிகுதியாகச் செலவாகிறது என்று மறைபொருளாக எழுதினார். எனினும், தம் நியமப்படி சமைத்த சோற்றை உண்டபோது காயமுற்றவன் பெற்ற ஆறுதல் பொய்யானதன்று.

அங்கே உயிர்நீத்த இந்துக்களும் சீக்கியருமாக 53 பேரின் உடல்கள், நகருக்கு வெளியே பேச்சம் குன்றின் மேல் விறகடுக்கித் தகனம் செய்யப்பட்டன. ஊரில் மகன் செய்ய வேண்டிய கடனை உடனிருந்தோரே செய்தனர். அஸ்தி கடலில் கரைக்கப்பட்டது. தகனம் நிகழ்ந்த இடத்தில் 1921 பிப்ரவரியில் வெண்சலவைக்கல் சத்ரி ஒன்று திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். சத்ரியில் மாண்டோரின் பெயர்கள் இல்லை. அந்த 53 பெயர்களும் அதனருகே கல்லில் பொறிக்கப்பட்டது 2010ஆம் ஆண்டில்தான்.