நெடுந்தொலைவு ஓட்டமும் தொடர்பயிற்சியும்

ஓட்டக் களத்தில் வென்றவரைக் கண்டதும் ‘பிறவித் திறமை’ என்று ஒரே சொல்லில் கூறிவிடுவது வழக்கமாகிவிட்டது. இச்சொல் வென்றவரின் உழைப்பை மறைக்கிறது. பின்தங்கியவரின் முயற்சியையும் முடக்குகிறது. குறுந்தொலைவு ஓட்டத்தில் இக்கூற்று ஓரளவு பொருந்தலாம். நெடுந்தொலைவு ஓட்டத்திலோ இதனை அப்படியே ஏற்பதற்கில்லை.

நெடுந்தொலைவு ஓடும் ஆற்றல் உடலில் மெல்ல மெல்லவே உருவாகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட மிகுதியான குருதியைச் செலுத்துகிறது. தசைகளில் தந்துகிகளும், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. இம்மாற்றங்கள் முழுமை பெறப் பல ஆண்டுகள் ஆகும். பயிற்சியை நிறுத்தினாலோ சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும்.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக், பாட்டா காலணித் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர். ஆலையினர் நடத்திய ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டபோது, தாம் அதற்குத் தகுதியற்றவர் என்று கூறி மறுத்தார். பின்னர் ஓட்டத்தில் நாட்டம் கொண்டு, நானூறு மீட்டரை விரைந்தோடுவதும் இடையில் மெல்லோடுவதுமாகப் பல்லாண்டுகள் இடைவிடாது பயின்றார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

உடலமைப்பில் பிறவி வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வட அமெரிக்காவில் நடைபெற்ற ‘ஹெரிடேஜ்’ குடும்ப ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமற்றவர்கள் இருபது வாரங்கள் ஒரே வகைப் பயிற்சி பெற்றனர். சிலரிடம் பெருவளர்ச்சியும் சிலரிடம் சிறுவளர்ச்சியுமே காணப்பட்டன. இவ்வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழிப்பட்டது என 1999இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. ஆனால், தொடக்கத்தில் முன்னின்றவரே மிகுதியாக வளர்வார் என்று கணிக்க இயலவில்லை. பயிற்சியால் வளரும் தன்மையும் ஒரு திறமையே. பயின்று பார்க்காமல் அதனை அறிய வழியில்லை.

தமிழகமும் இதற்குச் சான்று தருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த எல். சூர்யா 2016ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியிலும், கோ. இலட்சுமணன் 2017ஆம் ஆண்டு ஆசியத் தடகளப் போட்டியிலும் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் இரட்டைத் தங்கம் வென்றனர். ஒரே மாவட்டத்திலிருந்து இவ்விருவர் எழுந்தமைக்குப் பிறவித் திறமை மட்டுமே காரணமாகாது. உள்ளூரில் கிடைத்த முறையான பயிற்சியும் காரணமாகும்.

அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் உள்ளது. அப்படையின் காவலர் தேர்வில் ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களிலும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடங்களிலும் ஓடிக் கடக்க வேண்டும். ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்கூடங்களில் உழைப்போரின் பிள்ளைகளுக்கும் இத்தேர்வு ஒரு வாழ்வாதார வாயில். இவ்வேகம் அரிய வரம் பெற்றவர்க்கே உரியதன்று. உடல்நலமுள்ள இளையோர் பலர் சில மாத ஒழுங்கான பயிற்சியால் எட்டக்கூடியது. ஒருமுறை ஓடி மூச்சிரைத்ததும் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்குபவர், தம் திறமையை அறியாமலேயே அவ்வாயிலை இழக்கிறார்.

ஆகவே, பயிற்சியளிக்காமல் ஒரே நாள் ஓட்டத்தை வைத்துப் பள்ளி அணிக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறை மாற வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விரும்பும் அனைவருக்கும் பயிற்சி அளித்து, அதன் பின்னரே தேர்வு நடத்த வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு திடலும், நேரங்காட்டியும், நாள் தவறாத வழிகாட்டலும் போதும். பிறவித் திறமை இருக்கிறதா என்னும் வினாவுக்கு விடை கூறும் உரிமை பயிற்சிக்கே உண்டு.