உலகக் கோப்பை பார்க்க எந்த ஊருக்குப் போகலாம்?

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ஆபீஸ் கேண்டீனில், அபார்ட்மெண்ட் பார்க்கில், ஊர்க்காரர்கள் வாட்ஸப் குழுவில். "இந்த வாட்டி குடும்பத்தோட உலகக் கோப்பைக்குப் போயிடலாமா?" 2018-ல் ரஷ்யா, 2022-ல் கத்தார், 2026-க்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ. ஊர் பெயர்தான் மாறும். எக்செல் கணக்கும், விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் வரும் பெருமூச்சும் மாறவே மாறாது :-)

போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். தடுக்க நான் யாரு? ஆனால் என் கட்சி வேறே. முதலில் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் நடக்கிற போட்டிக்குக் குழந்தைகளோடு போங்க. அதுக்கும் முன்னாடி, ஆணி பிடுங்க வந்த இந்தப் பெங்களூரே ஒரு கால்பந்து ஊர் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. விசா எல்லாம் அப்புறம்.

கணக்கையே எடுத்துக்குவோம். கத்தாரில் எட்டு மைதானம். அதிக இடைவெளி இருந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 75 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்க முடிந்தது. 2026-க்கு மூன்று நாட்டில் 16 நகரங்கள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். வான்கூவருக்கும் மயாமிக்கும் நடுவில் 4,000 கிலோமீட்டருக்கு மேல். சாதாரணச் சம்பளக்காரக் குடும்பம் இதில் எத்தனை ஊரைப் பார்த்துவிட முடியும்? ஒரு ஊர், ஒன்றிரண்டு ஆட்டம், மீதி நேரம் ஏர்போர்ட். லட்சக்கணக்கில் செலவழித்தும் கிடைக்கப்போவது ஒரே ஊர்தான் என்றால், அது ஏன் பக்கத்து ஊராக இருக்கக் கூடாது?

2017-ல் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. 17 வயதுக்குட்பட்டவர்களுக்கான ஃபிஃபா உலகக் கோப்பை, அக்டோபர் 6 முதல் 28 வரை இந்தியாவில். டெல்லி, கொல்கத்தா, குவாஹாத்தி, நவி மும்பை, கோவா, கொச்சி என்று ஆறு இடங்கள். பெங்களூரும் கிடையாது, சென்னையும் கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். எங்களுக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ்தான் கதி. ராத்திரி பெங்களூரில் ஏறினால் காலையில் எர்ணாகுளம், மதியத்துக்கு மேல் வீடு. வருஷக்கணக்காக அந்த எர்ணாகுளத்தை ஜன்னல் வழியாக, அரைத் தூக்கத்தில், கையில் டீயோடுதான் பார்த்திருக்கிறோம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 18. அன்று ராத்திரி கொச்சி கலூர் மைதானத்தில் பிரேசிலும் ஹோண்டுராசும் மோதுகின்றன. ஃபோனில் சொன்னதும் அம்மா, "தீவாளிக்கு வீட்டுக்கு வராம பந்து பாக்கவா போற மக்ளே?" என்றார்கள். மறுநாள் வந்துவிடுவோம் என்று சமாதானம் சொல்லிவிட்டு, நாலு பேரும் எர்ணாகுளத்தில் இறங்கினோம்.

பிரேசில் 3-0 என்று ஜெயித்தது. ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான். ஊரைப் பற்றி நிறைய ஞாபகம் இருக்கிறது. கொச்சி மெட்ரோவில் கலூர் மைதானத்தைத் தொடும் பகுதி திறந்ததே அக்டோபர் 3-ம் தேதிதான், போட்டி தொடங்க மூன்று நாள் முன்னால். புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது ரயில். பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை. சாயாக் கடைக்காரர் பிரேசில் அணியைத் தம்பி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு வந்து ஆடிய அணிகளில் நைஜரும் வட கொரியாவும் உண்டு. நைஜர் எங்கே இருக்கிறது என்று என் பையன் அன்றைக்குத்தான் மேப்பில் தேடினான். "இந்த அண்ணனுங்களுக்கெல்லாம் டென்த் எக்ஸாம் இல்லையாப்பா?" என்று ஒரு கேள்வி வேறு. தங்கமணி என்னைப் பார்த்த பார்வைக்குப் பதில் இல்லை.

நாலு டிக்கெட்டும் சேர்ந்து பெங்களூர் மாலில் ஒரு சினிமாவுக்கு ஆகும் செலவுக்குள் முடிந்துவிட்டது. அந்த வாரங்களில் கொச்சியில் ஆடிய ஸ்பெயின் பையன்களில் ஒருவன் ஃபெரான் டோரஸ், பிற்பாடு பார்சிலோனாவுக்குப் போனவன். கோப்பையை ஜெயித்த இங்கிலாந்து அணியில் ஃபில் ஃபோடன் இருந்தான். பெரிய மனுஷர்கள் ஆவதற்கு முன்னால் அவர்களை நம் பக்கத்து ஊர்களில் பார்க்க முடிந்தது.

எல்லாமே தேனும் பாலும் என்று சொல்லவில்லை. போட்டி நடத்தும் ஊர் அதற்கு விலை கொடுக்கிறது. கலூர் மைதானத்துக்குக் கீழே இருந்த கடைகளைப் போட்டிக்காக மூடச் சொன்னார்கள். கடைக்காரர்கள் கோர்ட் வரைக்கும் போனார்கள். குவாஹாத்தியில் மழையால் மைதானம் கெட்டுப்போய், பிரேசில் - இங்கிலாந்து அரையிறுதியைக் கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் நம்பி ஃப்ளைட் போட்டவர் கதியை யோசித்துப் பாருங்க. அதனால்தான் சொல்கிறேன், ஆட்டம் கைவிட்டாலும் ஊர் கைவிடாத மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுங்க.

சரி, பெங்களூருக்கு வருவோம். இந்த ஊருக்கு அந்த உலகக் கோப்பை வரவில்லைதான். ஆனால் இந்தியா அதில் அடித்த ஒரே கோலை ஞாபகப்படுத்திப் பாருங்க. அக்டோபர் 9, டெல்லி, கொலம்பியாவுக்கு எதிராக. தலையால் முட்டிக் கோலாக்கியவர் மணிப்பூரின் ஜீக்சன் சிங். அந்தக் கார்னரை அடித்துக் கொடுத்தவர் சஞ்சீவ் ஸ்டாலின், பெங்களூர்ப் பையன். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 11-ம் தேதி, நம்ம கண்டீரவா மைதானத்தில் மக்காவை 4-1 என்று ஜெயித்துத்தான் பெரியவர்கள் அணி 2019 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மாரத்தஹள்ளியிலும் ஒயிட்ஃபீல்டிலும் எத்தனை தமிழ்க் குடும்பத்துக்கு இது தெரியும்?

அல்சூர் பக்கத்தில் கௌதமபுரா என்று ஒரு இடம். 'மினி பிரேசில்' என்றே அதற்குப் பெயர். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1809-ல் ஆங்கிலேயர்கள் கண்டோன்மெண்ட் அமைத்த பிறகு தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து சேர்ந்த தமிழர்கள் வாழும் பகுதி அது. நம்மை மாதிரி லேப்டாப் பையோடு வந்தவர்கள் இல்லை, உடம்பு உழைப்பை நம்பி வந்தவர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த எஸ். ராமன் மைசூர் அணிக்கு ஆடியவர். அந்த மைசூர் அணிதான் இன்றைய கர்நாடகம். 54 வருஷக் காத்திருப்புக்குப் பின் 2023 மார்ச்சில் ரியாத்தில் சந்தோஷ் டிராபியைத் திரும்ப ஜெயித்தது. நாம் வந்துதான் இந்த ஊரில் தமிழ் கேட்க ஆரம்பித்தது என்று நினைப்பவர்களுக்குக் கௌதமபுராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மருந்து.

பெங்களூரே போட்டி நடத்தும் ஊரானதும் உண்டு. 2023 ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை கண்டீரவாவில் தெற்காசிய சாம்பியன்ஷிப், சாஃப். எட்டு அணிகள், லெபனானும் குவைத்தும் விருந்தாளிகள். ஃபிஃபா தடையால் இலங்கை மட்டும் வர முடியவில்லை. பாகிஸ்தான் அணி விசா தாமதத்தால் ஆட்டம் நடந்த அன்று காலையில்தான் பெங்களூர் வந்து இறங்கியது. அன்று இரவு மழையில் இந்தியா 4-0, சுனில் சேத்ரிக்கு ஹாட்ரிக். இறுதி ஆட்டத்தில் குவைத்தைப் பெனால்டியில் 5-4 என்று ஜெயித்தோம். எங்கள் அபார்ட்மெண்டில் 200 வீடு. அங்கே போய்ப் பார்த்தது, எனக்குத் தெரிந்து, மூன்று வீடு.

அந்த இறுதி ஆட்டம் முடிந்ததும் ஜீக்சன் சிங் மைத்தேயி கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றார். டெல்லியில் கோல் அடித்த அதே பையன். மணிப்பூர் அப்போது கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. தேசிய அணி ஆட்டத்தில் இது தேவையா என்று பலர் கண்டித்தார்கள். யார் மனசையும் புண்படுத்த இல்லை, அமைதி வேண்டும் என்று சொல்லத்தான் என்று அவர் விளக்கம் கொடுத்தார். அவர் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் ஆயிரம் பேசலாம். ஊரை விட்டு ரொம்ப தூரத்தில், சந்தோஷமான ஒரு ராத்திரியில், ஊர் ஞாபகம் வந்து தொண்டையை அடைப்பது என்ன என்று நமக்குத் தெரியாதா? கஜா புயலையும் ஒக்கிப் புயலையும் டிவியில் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தானே நாம்.

இதைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்கிறேன். "நாம எந்த ஊருப்பா?" என்று கேட்கிற பிள்ளைகள் நம்முடையவை. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கடையில் கன்னடம். கண்டீரவா கேலரியில் கன்னடம், மலையாளம், தமிழ், மணிப்பூரி எல்லாம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும். அங்கே யாரும் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. இதற்கு மயாமி டிக்கெட் தேவையில்லை, மெட்ரோ போதும்.

"கூட்டத்துக்குக் குழந்தைகளையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2025 ஜூன் 4-ம் தேதி சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் செத்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. பயம் நியாயமானது. டிக்கெட்டும் இருக்கை எண்ணும் இல்லாமல் எந்த வெற்றி விழாவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீங்க. எண் போட்ட டிக்கெட் இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னால் போங்க, வெளியே வரும் வாசலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்க, கூட்டம் கலைந்த பிறகு எழுந்திருங்க. கொச்சியில் நாங்கள் செய்ததும் அதுதான்.

உலகக் கோப்பைக்குச் சேர்க்கிற பணம் சேரட்டும். அதுவரை, அடுத்த தடவை ஊருக்கு ரயில் போடும்போது நடுவில் எந்த ஊரில் என்ன ஆட்டம் நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்க. வழியில் ஒரு நாள் இறங்கினால் அம்மா கோபித்துக்கொள்வார்கள். அதிரசத்தை எடுத்து வைத்திருப்பார்கள், கவலைப்படாதீங்க :-)