மின்கலத்தின் வரவும் செலவும்

மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். வள்ளம் வாங்குவோர் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பர். கைத்தொலைபேசி வாங்குவோர் மாத்திரம் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண்ணை வாசித்துவிட்டு மனநிறைவு அடைகின்றனர். ‘5,000 மில்லியம்பியர் மணி’ என்னும் அந்த எண் மின்கலத்தைப் பற்றி எதனைச் சொல்லுகின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதை இவ்வாரம் நாம் ஆராய விழைகின்றோம்.

தீவகத்தார் இதனை வெறும் வேடிக்கைக் கணக்கென்று கருதமாட்டார். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பிரயாணம். நயினாதீவுக்கும் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் படகே வழி. வேலணையும் ஊர்காவற்றுறையும் பண்ணை வீதியால் யாழ்ப்பாணத்தோடு இணைந்திருப்பினும், அங்கும் பிள்ளைகளைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் பலர். நள்ளிரவில் ஆச்சிக்கு நெஞ்சுநோ கண்டால், அயலாரை எழுப்புவதும் படகுக்கு ஆள் தேடுவதும் வைத்தியசாலைக்கு அறிவிப்பதும் கைத்தொலைபேசியாலேயே ஆகவேண்டும். அவ்வேளை அதில் மின்சாரம் இல்லையாயின், அது எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயன் என்ன?

மின்கலத்தின் அருமையை நம் நாட்டார் துன்பத்திலே கற்றவர்கள். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்றாயிற்று. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, அக்காலத்தை அறியாத இளைஞரும் ஒரு சொட்டு மின்சாரத்தின் விலையை உணர்ந்தனர்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ‘அந்த நாளைய நொக்கியா ஒரு கிழமைக்குத் தாங்கியது, இந்த நாளைய போன் ஒரு பகலுக்கும் போதவில்லை’ என்று முதியோர் குறைகூறுவதை எல்லோரும் கேட்டிருப்போம். அக்கூற்று உண்மையா? 2003இல் வெளிவந்த நொக்கியா 1100 என்னும் கருவியின் மின்கலம் 850 மில்லியம்பியர் மணி கொண்டது. அழைப்பின்றிச் சும்மா இருப்பின் 400 மணித்தியாலம் வரை தாங்கும் என்று அதனைச் செய்தோர் கூறினர். இன்று பல கைத்தொலைபேசிகளின் மின்கலம் 5,000 மில்லியம்பியர் மணி கொண்டது. கொள்ளளவு ஏறத்தாழ ஆறு மடங்காகியும் நாட்கள் குறைந்தது ஏன்?

மாணவர் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். மில்லியம்பியர் மணியை மின்கலத்தின் வோல்ற்றளவால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், அதில் அடங்கிய சக்தி வாற்று மணியாகக் கிடைக்கும். நொக்கியாவில் இருந்தது ஏறத்தாழ 3 வாற்று மணி. புதியதில் இருப்பது ஏறத்தாழ 19. நொக்கியா தன் 3 வாற்று மணியை 400 மணித்தியாலத்துக்குப் பகிர்ந்தது. அஃதாவது ஒரு வாற்றின் நூறில் ஒரு பங்கிலும் குறைவாகச் செலவிட்டது. புதியது தன் 19 வாற்று மணியை ஒரே நாளில் முடிக்குமாயின், அதன் செலவு ஒரு வாற்றின் ஐந்தில் நான்கு பங்கு. வரவு ஆறு மடங்காகச் செலவு நூறு மடங்காயிற்று.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதே நொக்கியாவில் இடைவிடாது பேசினால் நாலரை மணித்தியாலத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். பேசும்போது அதுவும் ஏறத்தாழ இன்றைய கருவியின் அளவே செலவிட்டது. அதன் பெருமையெல்லாம் சும்மா இருக்கும்போது உண்மையாகவே சும்மா இருந்ததுதான். புதிய கருவியோ சட்டைப்பையில் உறங்கும்போதும் கடிதம் வந்ததா, படம் வந்ததா, இருக்கும் இடம் யாது என்று ஓயாது வினவிக்கொண்டே இருக்கின்றது. வருவாய் சிறிதாயினும் செலவு விரியாவிடின் கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்திலே வைத்தார். அது மின்கலத்துக்கும் பொருந்துகின்றது.

ஆயினும் புதியன யாவும் ஊதாரிகள் என்று முடிவுகட்டுதல் நீதியன்று. சம்சுங் நிறுவனத்தின் ‘எஸ்’ வரிசை ‘அல்ட்ரா’ வகைக் கருவிகள் 2020 முதல் 2025 வரை 5,000 என்னும் அதே அளவு மின்கலத்தையே தாங்கி வந்தன. எனினும் 2022இல் வந்ததைவிட 2023இல் வந்தது கூடிய நேரம் உழைத்தது. எண் மாறவில்லை; உள்ளிருக்கும் சில்லு சிக்கனம் கற்றது. மற்றொரு புறம், மின்வாயிலே கரியோடு சிலிக்கன் சேர்க்கும் முறையால், 2025இல் வந்த சீனக் கருவிகள் சில 7,000ஐயும் கடந்தன. ஆதலின் பெட்டியிலுள்ள எண் ஒன்றை மாத்திரம் வைத்து இரு கருவிகளை ஒப்பிடுதல், சம்பளத்தை மாத்திரம் கேட்டு இரு குடும்பங்களின் சேமிப்பை மதிப்பிடுதல் போலாகும்.

அந்த எண் முற்றிலும் மறைப்பது முதுமையை. கைத்தொலைபேசிகளில் உள்ளது இலிதியம் அயன் மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகையின் ஆக்கத்துக்காக, குடினஃப், விற்றிங்காம், யோசினோ என்னும் மூவருக்கு 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பாயினும் அதுவும் மூப்புக்கு விலக்கன்று. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் அதன் கொள்ளளவு சிறிது குறையும். தன் ஐபோன்களில் 14ஆம் வரிசை வரை உள்ளவை 500 முழுச் சுற்றுக்குப் பின்னும், 15ஆம் வரிசை முதல் உள்ளவை 1,000 சுற்றுக்குப் பின்னும் நூற்றுக்கு 80 பங்கைக் காக்கும் வகையில் அமைந்தவை என்று அப்பிள் நிறுவனம் கூறுகின்றது. நாளொன்றுக்கு ஒரு சுற்று என்றால், 500 சுற்று ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

மூப்படைந்த மின்கலத்தின் குறை கொள்ளளவு சுருங்குவது மட்டுமன்று. அதன் உள்தடையும் ஏறுகின்றது. கருவி திடீரெனக் கூடிய மின்னோட்டம் கேட்கும்போது வோல்ற்றளவு தாழ்ந்து, திரையில் நூற்றுக்கு 20 என்று காட்டிக்கொண்டிருந்த போனும் சட்டென அணைந்துவிடும். இவ்வாறு அணைவதைத் தடுக்கவே மூத்த மின்கலமுள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசெம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. கண்டனம் எழவே, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது.

தீவகத்திலே இம்முதுமையை விரைவுபடுத்துவன இரண்டு. ஒன்று வெப்பம். 35 பாகை செல்சியசைக் கடந்த சூழலில் பயன்படுத்தினால் கொள்ளளவு நிலையாகக் குறையக்கூடும். படகின் மேற்றட்டில் வெயில்படக் கிடக்கும் கருவி அந்த வெப்பத்தை எளிதில் கடந்துவிடும். மற்றது அலை குன்றிய இடம். கோபுரம் தூரமாகத் தூரமாகக் கருவி தன் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருக்கின்றது. அலையே இல்லாதபோது தேடிக்கொண்டே இருக்கின்றது. மின்கலம் விரைவில் தீரத் தீர ஏற்றும் சுற்றுகளும் பெருகும். ஆதலின் கடற்பிரயாணத்தின்போது அழைப்பை எதிர்பாராதவர் விமானப் பயண நிலையில் வைத்துக்கொள்வது நன்று. ஏற்றும்போது தலையணையின் கீழ் வைத்தலாகாது. நெடுநாள் பயன்படுத்தாது வைப்பதாயின், பாதியளவு ஏற்றி நிழலில் வைத்தல் வேண்டும்.

தீவுகளுக்கே பெரும் மின்கலம் வைக்கும் காலமும் வந்துவிட்டது. டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரியசக்தி, காற்றுச்சக்தி நிலையங்கள் அமைக்க இந்தியாவின் நன்கொடையோடு 2024 மார்ச் 1ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்தில் 2,400 அலகு மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலத் தொகுதியும் அடங்கும். அது ஒன்றேகால் இலட்சம் கைத்தொலைபேசிகளின் மின்கலங்களில் அடங்கும் சக்திக்குச் சமம். ஆயின் தீவின் மின்கலம் நிரம்பியிருந்தாலும் ஆச்சியின் கையிலுள்ளது தேய்ந்திருந்தால், இரவு நடுவில் அழைப்புப் போகாது.

இவ்விடத்திலே கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதிய கருவி வாங்கியவுடன் பழையதை ஊருக்கு அனுப்புதல் வழக்கமாகிவிட்டது. அன்பினால் செய்வதே அது. ஆனால் மூன்று நான்கு ஆண்டு உழைத்த மின்கலத்தோடு அனுப்புவது, எண்ணெய் வற்றிய விளக்கை அனுப்புவதற்கு ஒப்பாகும். ஐபோனாயின் அமைப்புப் பகுதியில் மின்கலத்தின் எஞ்சிய கொள்ளளவு நூற்றுவீதத்தில் காட்டப்படும். அது 80க்குக் கீழ் இறங்கியிருந்தால், நம்பிக்கையான கடையில் புதிய மின்கலம் இட்டே அனுப்புக. மற்றக் கருவிகளாயின், இரவு ஒன்பது மணிக்கு முழுதும் ஏற்றிவைத்து, தொடாமல் விட்டு, காலை ஐந்து மணிக்கு எத்தனை பங்கு குறைந்ததென ஒரு கிழமை குறித்துப் பார்த்தால் அதன் உடல்நிலை ஓரளவு புலப்படும்.

‘அப்படியாயின் பழைய நொக்கியாவே போதுமே’ என்பாரும் உளர். இரண்டாம் தலைமுறை அலைவரிசை உள்ளவரைதான் அது பேசும். சிங்கப்பூரில் அவ்வலைவரிசை 2017இலேயே நிறுத்தப்பட்டது. பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்டவும் அதனால் இயலாது. அவசரத்துக்கு அதனையும் ஏற்றி வைத்திருப்பது நல்ல துணை. அதுவே முழுத் தீர்வாகாது.

சட்டமும் இத்துறையில் விழித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைத்தொலைபேசிகளின் மின்கலம், 800 சுற்றுக்குப் பின்னும் நூற்றுக்கு 80 பங்கைக் காக்கவேண்டும் என்பது விதி. மின்கலத்தைப் பாவிப்போர் தாமே கழற்றி மாற்றத்தக்கதாக இருக்கவேண்டும் என்னும் மற்றொரு விதிக்கு, சில விலக்குகளோடு, 2027 பெப்ருவரி 18 நாள் குறிக்கப்பட்டது. நொக்கியாவின் பின்மூடியை நகத்தால் திறந்து மின்கலம் மாற்றிய எளிமையை உலகம் மீண்டும் நாடுகின்றது.

இனி எவரேனும் புதிய கைத்தொலைபேசியைக் காட்டி அதன் மின்கலம் எத்தனை என்று பெருமை பேசினால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாளொன்றுக்கு அது செலவிடுவது எவ்வளவு? மூன்றாம் ஆண்டில் அதில் எஞ்சுவது எவ்வளவு? தேய்ந்தால் மாற்ற இயலுமா? கடல் நடுவே வாழும் குடும்பங்களுக்கு இம்மூன்றுமே அந்த எண்ணைவிடப் பெரியவை.