வெள்ளம் வருமுன்: ஹவுராவிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

ஹவுராவில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். பேரிடர் வந்த பிறகு உண்டியல் குலுக்கிக்கொண்டு தெருவில் இறங்கும் வழக்கத்தை விட்டு, அது வருவதற்கு முன்பே பணத்தையும் பொருளையும் ஆட்களையும் ஆயத்தமாக வைத்திருப்பதே எங்கள் நோக்கம். பெயர், கொடி, சின்னம் எதையும் இப்போது தேடவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வேலை செய்து, அதற்கான கணக்கை ஊரார் முன் வைத்த பிறகு பெயர் சூட்டிக்கொள்ளலாம்.

எங்கள் மாவட்டத்தில் வெள்ளம் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. மேலே சோட்டா நாக்பூர் பீடபூமியில் மழை கொட்டி மைத்தான், பாஞ்செட் அணைகள் நிரம்பினால், தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் மதகுகளைத் திறக்கிறது. அந்தத் தண்ணீர் துர்காப்பூர் தடுப்பணையைத் தாண்டி ஓரிரு நாளில் உதயநாராயண்பூருக்கும் ஆம்தாவுக்கும் வந்து சேர்கிறது. 1978 செப்டம்பரில் வந்தது. 2017இல், 2021இல், மறுபடியும் 2024 செப்டம்பரில் வந்தது. எத்தனை கனஅடி திறந்தார்கள் என்ற எண் செய்தியில் வரும்போதே, எந்த ஊர் மூழ்கும் என்று இங்குள்ள எந்தப் படகோட்டியும் சொல்லிவிடுவார். இவ்வளவு தெரிந்திருந்தும், இடுப்பளவு தண்ணீர் ஏறிய பிறகுதான் நகரத்தில் நாம் தார்ப்பாய்க்கு விலை விசாரிக்கிறோம். அந்த ஓரிரு நாளை வீணாக்கக் கூடாது என்பதுதான் இந்த இயக்கத்தின் முதல் கொள்கை.

அந்த ஊர்களுக்கு நகரத்தார் கடன்பட்டிருக்கிறோம் என்றும் நம்புகிறோம். 1854இல் ஹவுராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் தாமோதரின் இடப்புறத்தில் இருந்தன. அவற்றைக் காப்பதற்காக ஆற்றின் வலக்கரை அணைகளில் ஒரு பகுதியை அன்றைய ஆங்கில அரசே அகற்றியது. வெள்ளம் வலப்பக்கம் பாயட்டும், ரயில் தப்பட்டும் என்பது கணக்கு. அந்த ரயிலால் வளர்ந்த நகரம் ஹவுரா. அந்த ரயிலை நம்பித்தான் எங்களில் பலருடைய தாத்தாக்கள் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே உதயநாராயண்பூருக்கு நாங்கள் கொண்டுபோகும் எதையும் தானம் என்று அழைக்க மாட்டோம்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு வங்கத்தில் விடை தேட வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பக்கத்து ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில், ஜமீன்தார் வீட்டுப் பூஜையை நம்பியிராமல் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து சந்தா வசூலித்து அம்மனுக்கு விழா எடுத்தார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. அன்று தொடங்கிய வசூல் இன்றுவரை நிற்கவில்லை. தெருவுக்குத் தெரு கிளப் இருக்கிறது. கேரம் பலகை, கால்பந்து, ரத்ததான முகாம், துர்கா பூஜை என்று ஆண்டு முழுக்க அங்கே ஆள் நடமாட்டம் உண்டு. ரசீதுப் புத்தகத்தோடு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டத் தெரிந்த இளைஞர் படை வேறு எந்த ஊரில் இப்படி இருக்கிறது? வசூலோடு அரசுப் பணமும் சேர்ந்தது: மாநில அரசு 2018இல் ஒவ்வொரு பூஜைக் குழுவுக்கும் 10,000 ரூபாய் கொடுத்தது. 2025இல் அது 1,10,000 ரூபாய் ஆகிவிட்டது.

பூஜை வசூல் சூடுபிடிப்பது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும். தாமோதர் கரை புரள்வதும் அப்போதுதான். 2024இல் நகரத்தில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் ஆம்தாவில் வீட்டுக் கூரைமேல் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பூஜையைச் சுருக்கச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அந்தப் பந்தலால் மூங்கில்காரரும் விளக்குக்காரரும் டாக் மேளம் அடிப்பவரும் ஓராண்டுச் சோறு உண்கிறார்கள். வசூலில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, வெள்ளமோ புயலோ வந்தால் அன்றி அதைத் தொடக் கூடாது என்றுதான் கேட்கிறோம். மற்றவரைக் கேட்பதற்கு முன், எங்கள் பொங்கல் விழா வசூலிலும் ஐயப்ப பூஜை வசூலிலும் அந்தப் பத்தில் ஒரு பங்கை நாங்கள் எடுத்து வைக்கிறோம். வெள்ளம் வராத ஆண்டில் பணம் அடுத்த ஆண்டுக்குப் போகும். சாப்பாட்டுக்கோ மாலை மரியாதைக்கோ போகாது.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் மாவட்டத்துப் பேலூரில் ராமகிருஷ்ண மடம் எழும்புவதற்கு முன்பே, 1897இல், சுவாமி அகண்டானந்தர் முர்ஷிதாபாத்தில் பஞ்சத்தில் வாடியவர்களுக்கு அரிசி கொடுக்கும் வேலையில் இறங்கியிருந்தார். 1899இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது சகோதரி நிவேதிதை சேரிச் சந்துகளைச் சுத்தம் செய்ய இளைஞர்களைத் திரட்டினார். 1922இல் வட வங்கம் மூழ்கியது. வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் ஒரு நிவாரணக் குழு அமைத்துப் பணமும் பொருளுமாகச் சுமார் 25 லட்ச ரூபாய் திரட்டினார். அந்தக் காலத்து 25 லட்சம். அவரை நம்பி வெள்ளப் பகுதிக்குப் போய் வேலை செய்த இளைஞர்களில் சுபாஷ் சந்திர போஸும் ஒருவர். ஆய்வுக்கூடத்தில் எடை தவறாத ஒரு மனிதரின் கையில் பணம் இருந்தால் மக்கள் கொடுப்பார்கள் என்பதை அந்தக் குழு காட்டியது.

சேவை கிளப் என்றாலே மாலையும் மேடையும் விருந்தும்தான் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் ஹவுராவின் இன்னொரு பக்கத்தையும் அறிய வேண்டும். இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் ஆற்றுக்கு அக்கரையில் கல்கத்தாவில் உருவானது. அதற்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது. 1985இல் உலக ரோட்டரி சங்கங்கள் போலியோவை ஒழிக்க நிதி திரட்டத் தொடங்கின. 2009இல்கூட உலகின் போலியோ நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியக் குழந்தைகள். அரசும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ரோட்டரிக்காரர்களும் வீடு வீடாக, ரயில் நிலையம் ரயில் நிலையமாகச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். கடைசியாக இந்த நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் நோயுற்ற குழந்தை, 2011 ஜனவரியில், எங்கள் ஹவுரா மாவட்டத்துப் பெண்குழந்தை. 2014 மார்ச் 27 அன்று, இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. 1985க்கும் 2014க்கும் இடையே எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! ஆனாலும் வேலை நிற்கவில்லை. நாங்கள் பின்பற்ற விரும்புவது அந்தப் பொறுமையைத்தான். ஒரு வாரம் லாரியில் போய்விட்டு வருவது எங்களுக்குப் போதாது.

என்ன கொண்டுபோவது என்பதில் நாகப்பட்டினம் எங்களுக்குப் பாடம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடே நாகையை நோக்கிப் பொருள் அனுப்பியது. பழைய துணி மலைமலையாகக் குவிந்தது. அது உடுத்த முடியாமல் சாலையோரம் கிடந்து மழையில் ஊறியது. அதை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிப்போனது. யார் எந்த ஊருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று தெரியாததால் சில குப்பங்களுக்கு உதவி பல முறை போனது, சில குப்பங்களுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. அதைச் சீர்செய்ய அங்கிருந்த அமைப்புகள் கூடி ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்தன. மாவட்ட நிர்வாகமும் அதோடு சேர்ந்து நின்றது. அப்படியிருந்தும், கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே இருந்த தலித் விவசாயக் கூலிகளின் பெயர்கள் பட்டியல்களிலிருந்து விடுபட்டன. படகு போனவருக்கு இழப்பீடு என்றார்கள். அந்தப் படகில் கூலிக்குப் போனவருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

ஆகவே பழந்துணியை வாங்கவும் மாட்டோம், கொண்டுபோகவும் மாட்டோம். வங்கத்து வெள்ளத்தில் முதல் இரண்டு நாள் அடுப்பு எரியாது. அப்போது வேண்டியது அவலும் பொரியும் வெல்லமும், குடிதண்ணீரும், குளோரின் மாத்திரையும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், தலைக்கு மேலே ஒரு தார்ப்பாயும். பிறகு மாட்டுக்கு வைக்கோல். மனிதருக்குச் சோறு போட வந்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், மாடு செத்தால் அந்த வீடு அடுத்த ஆண்டும் எழாது. தண்ணீர் ஏறினால் பாம்பும் வீட்டுக்குள் ஏறும். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது, அங்கே போக எந்தப் பாதை மூழ்காமல் இருக்கும் என்ற தாள் ஒவ்வொரு ஊரிலும் மழைக்கு முன்பே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெண்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஆண்கள் ஊகித்துக்கொள்ள மாட்டோம். பட்டியல் எடுப்பவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள். நிலப்பத்திரம் இல்லாத குத்தகைக்காரர், கூலிக்காரர், வேற்று மாவட்டத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவர் ஆகியோரின் பெயர்களிலிருந்துதான் எங்கள் பட்டியல் தொடங்கும். முடிந்தவரை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குவோம். வெள்ளம் வடிந்தபின் அந்தக் கடைக்காரரும் பிழைக்க வேண்டும்.

நகருக்குள்ளும் வேலை இருக்கிறது. 2023 ஜூலையில் மங்களா ஹாட் துணிச்சந்தை எரிந்து, பூஜைக்குச் சரக்கு வாங்கிவைத்த சிறு வியாபாரிகள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 மார்ச்சில் பெல்காச்சியா குப்பைமேட்டில் நிலம் இறங்கி, குடிநீர்க் குழாய் உடைந்து, பக்கத்து வீடுகள் விரிசல் விட்டன. இவை ஆற்றைப் போல முன்னறிவிப்புத் தருவதில்லை. ஆனால் நிதி தயாராக இருந்தால் மறுநாள் காலை போய் நிற்க முடியும்.

தமிழர்கள் என்ற முறையில் எங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 2023 ஜூன் 2 அன்று, எங்கள் ஷாலிமார் நிலையத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பஹாநகா பஜாரில் விபத்துக்குள்ளானது. பெங்களூரிலிருந்து ஹவுராவுக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் அதில் சிக்கியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருட்டில் முதலில் ஓடிவந்து பெட்டிகளை உடைத்து ஆட்களை இழுத்தவர்கள் பக்கத்துக் கிராமத்தார். பாலசோரில் ரத்தம் கொடுக்க இரவெல்லாம் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த ரயிலில் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போகும் வங்கத் தொழிலாளிகளும், வேலூர் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகளும் எப்போதும் நிறைந்திருப்பார்கள். கோயம்புத்தூரில் நகை செய்யும் டோம்ஜூர்க்காரரின் மனைவிக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தொழிலாளியை வேலைக்கு வைத்திருப்பவருக்கு வங்காளம் தெரியாது. விபத்து நேரத்தில் அந்த இருவருக்கும் நடுவே ஒரு தொலைபேசிக் குரல் வேண்டும். இரண்டு மொழியும் அறிந்தவர்களை முறை வைத்து உட்காரவைத்து அந்தக் குரலை நாங்கள் கொடுப்போம். சென்னையில் வெள்ளம் வந்தால் அங்கே மாட்டிக்கொண்ட வங்கத் தொழிலாளிக்கும், இங்கே புயல் வந்தால் ஹவுரா நிலையத்தில் தவிக்கும் தமிழ்ப் பயணிக்கும் அதே தொலைபேசி எண் உதவும்.

ரத்தத்தைப் பற்றி ஒன்று. முழு ரத்தத்தைச் சாதாரணமாக 35 நாள்தான் சேமிக்க முடியும். பேரிடர் நாளில் எல்லோரும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, கோடையில் தலசீமியாக் குழந்தைகள் ரத்தத்துக்கு அலைவது வங்கம் ஆண்டுதோறும் காணும் துயரம். எங்கள் உறுப்பினர்கள் முறை வைத்து ஆண்டு முழுவதும் கொடுப்பார்கள். கொடுப்பவருக்குக் குடையோ பையோ பரிசாகத் தரும் முகாம்களில் கலந்துகொள்ள மாட்டோம். பரிசுக்காக நோயை மறைத்துக் கொடுக்கும் ஒருவரால் இன்னோர் உயிர் போகலாம்.

கணக்கு விஷயத்தில் எங்களுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. அம்பான் புயல் 2020 மே 20 அன்று அடித்த பிறகு, வீடு இடிந்தவர்களுக்கான 20,000 ரூபாய் யாருக்குப் போனது என்று ஊர் ஊராகச் சண்டை நடந்ததைப் பார்த்தோம். 1961 சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்து, மூவர் பொறுப்பில் வங்கிக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்தில்லாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாதபடி வைப்போம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்க மாட்டோம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சொந்தக்காரர் அன்போடு அனுப்பினாலும், 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு இல்லாமல் அதைத் தொட மாட்டோம். பெற்றவர் பட்டியலும் செலவுப் பட்டியலும் உதவி போன ஊரின் சுவரிலேயே வங்காள மொழியில் ஒட்டப்படும். ஏமாற்றினால் முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் அந்த ஊரார்தாம். அரிசி வாங்குபவரின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. பொட்டலத்தில் எங்கள் பெயரும் இருக்காது, எந்தக் கட்சித் தலைவரின் படமும் இருக்காது. கட்சிக்காரர் உறுப்பினராகலாம், கொடியை வாசலில் விட்டுவிட்டு. அரசு செய்ய வேண்டியதை நாங்கள் செய்து அதன் பொறுப்பைக் குறைக்கவும் மாட்டோம். இழப்பீட்டு மனு எழுதித் தருவதும், கரையைச் செப்பனிடச் சொல்லி வட்டார அலுவலகத்தில் போய் நிற்பதும் எங்கள் நிவாரணப் பணியின் பகுதி.

சேர விரும்புகிறவர்கள் முதல் நாளே பணம் கொண்டுவர வேண்டாம். ஒரு தாளில் எழுதித் தாருங்கள்: உங்கள் ரத்த வகை, பேசத் தெரிந்த மொழிகள், நீச்சல் தெரியுமா, வேன் ஓட்டத் தெரியுமா, கணக்கு எழுதத் தெரியுமா, ஐம்பது பேருக்குச் சமைக்கத் தெரியுமா, செப்டம்பர் மாதத்தில் எந்தெந்த நாள் விடுப்பு எடுக்க முடியும். அந்தத் தாள்களை வைத்துத்தான் வேலையைப் பிரிப்போம். ஜூன் மழை தொடங்குமுன் உதயநாராயண்பூரிலும் ஆம்தாவிலும் உள்ள கிளப்புகளைப் போய்ப் பார்த்து, எந்தப் பள்ளிக்கூடத்து மாடி உயரமானது, யாரிடம் படகு இருக்கிறது, தார்ப்பாயை எங்கே அடுக்கி வைக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான் முதல் பணி.