தக்கையை ஒட்டினால் காடு தழைக்குமா?

வார இறுதிப் பத்திரிகைகளின் இல்ல அலங்காரப் பக்கங்களிலும், அவற்றைப் பார்த்து எழுதும் இணையத்தளங்களிலும், நத்தார் நெருங்கும் வேளையில் ஒரு கட்டுரை தவறாமல் தலைகாட்டும். 'பழைய வைன் தக்கைகளை வீசாதீர்கள். அவற்றைக் கொண்டு இருபது அழகிய பொருட்களைச் செய்யலாம்' என்பது அதன் சாரம். குவளைக்கு அடியில் வைக்கும் தட்டு, அறிவித்தல் பலகை, கதவில் தொங்கவிடும் வளையம், சாவிக்கொத்து, கள்ளிச்செடி நடுவதற்கான குட்டிச் சாடி... பட்டியல் நீளும். முடிவில், 'இவ்வாறு நாமும் மரங்களைக் காப்போம்' என்றொரு வரி கட்டாயம் இருக்கும்.

எனது சண்டை அந்தக் கடைசி வரியோடுதான்.

கைவேலையில் இன்பம் உண்டு. ஓய்ந்த நேரத்தில் ஒருவர் தக்கைகளை அடுக்கி ஒட்டி மகிழ்ந்தால் அதில் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் பொழுதுபோக்கைப் பொழுதுபோக்கு என்று சொல்லிச் செய்யவேண்டும். அதற்குச் சூழல் தொண்டு என்று பெயர் சூட்டும்போது, செய்பவர் கடமை முடிந்ததென்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். செய்யவேண்டிய காரியம் செய்யப்படாமலே கிடக்கிறது.

முதலில், மரத்தைக் காக்கும் கதையை எடுத்துக்கொள்வோம். தக்கைக்காக மரம் வெட்டப்படுகிறது என்ற எண்ணம் பலரிடம் வேரோடியிருக்கிறது. உண்மை வேறு. தக்கை என்பது தக்கை ஓக் மரத்தின் வெளிப்பட்டை. மே மாத நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரையான காலத்தில், பழகிய தொழிலாளர்கள் கோடரியால் அந்தப் பட்டையைக் கீறி, உள்மரத்துக்குக் காயம்படாமல் உரித்தெடுக்கிறார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் வண்ணத்தால் எழுதிவிடுகிறார்கள். '4' என்று எழுதியிருந்தால் அது 2024 இல் உரித்த மரம். மீண்டும் அதில் கோடரி படுவது 2033 இல்தான். ஒன்பது ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது போர்த்துக்கல்லின் சட்டம். அனுமதியின்றி அம்மரத்தை வெட்டுவதும் அங்கே குற்றம். 2011 டிசெம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதனைத் தேசிய மரமாகவே அறிவித்தது.

மரம் முதன்முறை உரிக்கப்படுவதற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும். முதலிரு உரிப்புகளில் கிடைக்கும் பட்டை போத்தல் அடைப்பதற்கு உதவாது. மூன்றாவது உரிப்பிலேதான், அதாவது மரத்துக்கு 43 வயதாகும்போதுதான், நல்ல அடைப்பான் கிடைக்கிறது. நடுகிறவர் தமக்காக நடுவதில்லை. பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் நடுகிறார். போர்த்துக்கல்லின் ஆகுவாஸ் டி மௌரா என்னும் ஊரில் 1783 இல் நடப்பட்ட ஒரு மரம் இருக்கிறது. 1991 இல் அந்த ஒரே மரத்திலிருந்து உரித்த பட்டை 1,200 கிலோகிராம். அதிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அடைப்பான்கள் செய்தார்கள். 2018 இல் ஐரோப்பாவின் அவ்வாண்டுக்குரிய மரமாகத் தெரிவானதும் அதுவேதான்.

ஆகவே, சாவிக்கொத்தாக மாறிய ஒரு தக்கை எந்த மரத்தையும் வெட்டுக்கத்தியிலிருந்து காப்பாற்றவில்லை. வெட்டுக்கத்தியே அங்கு இல்லை! மரத்தைக் காத்து நிற்பது தக்கையின் விலை. பட்டைக்கு விலை இருக்கும்வரை காணிக்காரர் காட்டைப் பேணுவார். விலை விழுந்தால் வேறு பயிரைத் தேடுவார். தக்கைத் தொழிலின் வருமானத்தில் பெரும்பகுதி போத்தல் அடைப்பானிலிருந்தே வருகிறது.

அந்த வருமானம் ஆட்டம் கண்ட காலமும் உண்டு. வைனில் ஈரக் கடதாசி மணம் ஏறுவதற்குக் காரணம் ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மமே என்று 1981 இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் ஹான்ஸ் ரானர் இனங்கண்டார். தக்கை உற்பத்தியாளர்கள் நெடுங்காலம் அதனை அலட்சியம் செய்தார்கள். அதன் விலையையும் கொடுத்தார்கள். 2000 இல் அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு வைன் உற்பத்தியாளர்கள் திருகுமூடிக்கு மாறினார்கள்; அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். பிளாஸ்ரிக் அடைப்பான்களும் சந்தையில் புகுந்தன. இந்தப் போக்குத் தொடர்ந்தால் மேற்கு மத்தியதரைக் கடலோரத் தக்கைக் காடுகளில் முக்கால் பங்குவரை பத்தே ஆண்டுகளில் அழியக்கூடும் என்று 2006 இல் உலக இயற்கை நிதியம் எச்சரித்தது. அந்த அளவுக்கு நடக்கவில்லை என்பது உண்மை. உற்பத்தியாளர்கள் விழித்துக்கொண்டு, தக்கையை நீராவியால் தூய்மை செய்யவும், உயர்ரக அடைப்பான்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கவும் தொடங்கியதனால் சந்தையின் ஒரு பகுதி மீண்டது. காட்டைக் காத்தது அதுதான். கதவில் தொங்கும் வளையம் அல்ல.

காடு என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போகமுடியாது. அலன்தேஜோ பிரதேசத்தின் தக்கைத் தோப்புகளில் மரநிழலில் ஆடுமாடு மேய்கிறது. பன்றி ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கிறது. ஐபீரியக் கழுகு கூடு கட்டுகிறது. தடித்த பட்டை தீயிலிருந்து மரத்தைக் காப்பதனால், தீ கடந்துபோன பின்னும் அது துளிர்க்கிறது. இன்று போர்த்துக்கல்லில் மிகக் கூடிய நிலப்பரப்பைப் பிடித்து நிற்கும் மரம் கடதாசிக் கூழுக்காக வளர்க்கப்படும் யூக்கலிப்ரஸ். தீ மூண்டால் அது என்ன செய்யும் என்பதை 2017 யூனில் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில், பைன் மரங்களும் யூக்கலிப்ரசும் அடர்ந்த மலைச்சரிவுகளில், 66 உயிர்களைப் பலிகொடுத்து அந்நாடு கண்டது. தக்கையின் விலையை நான் பெரிதாகப் பேசுவது இதனால்தான்.

இனி, அந்த இருபது பொருட்களையும் சற்றுப் பார்ப்போம். தக்கையைச் சூடான பசையால் ஒட்டி, வண்ணம் பூசி, மெருகெண்ணெய் தடவிய பின் அது தக்கையாக இல்லை. பசையும் வண்ணமும் கலந்த கலவையாகிவிடுகிறது. அரைத்து மீளப் பயன்படுத்தத் தகுந்ததாய் இருந்த ஒரு பொருளை நாமே குப்பைக்குத் தகுந்ததாய் மாற்றிவிடுகிறோம். அடுத்த நத்தாருக்குத் தூசி படிந்த வளையம் குப்பைத்தொட்டிக்குப் போகும். நீண்டகாலம் சுவரில் நின்று பயன்தரும் அறிவித்தல் பலகையை நான் குறைசொல்லவில்லை. ஏனைய பத்தொன்பதின் ஆயுள் எவ்வளவு என்பதைச் செய்தவர்களே சொல்லட்டும்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. வீட்டில் போதிய தக்கை சேராதவர்கள் அதனை இணையக் கடைகளில் பொதி பொதியாக வாங்குகிறார்கள். பழையது கிடைக்காவிட்டால் புதியதையும் வாங்குகிறார்கள். கழிவைக் குறைப்பதற்காகக் காசு கொடுத்துக் கழிவு வாங்கும் காலம் இது!

தக்கையை நறுக்கிப் பூச்சாடியில் போட்டால் உரமாகும் என்றும் ஈரம் காக்கும் என்றும் எழுதுகிறார்கள். வைனைப் போத்தலுக்குள் பல்லாண்டு பாதுகாப்பது எது? தக்கையின் உயிரணுச் சுவரில் உள்ள சுபெரின் என்ற மெழுகுத்தன்மையான பொருள். அது நீரை உள்ளே விடாது, எளிதில் உக்காது. நீரை விடாதது ஈரத்தை எப்படிக் காக்கும்? உக்காதது எப்படி உரமாகும்? போதாக்குறைக்கு, அந்தத் தக்கைகளுள் சில பிளாஸ்ரிக். சீரான நுரைபோல, கரும்வரியோ நுண்துளையோ இல்லாமல் இருந்தால் அது மரத்திலிருந்து வந்ததல்ல. அதையும் சேர்த்து நறுக்கி மண்ணில் போட்டுவிட்டு, இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்தோம் என்கிறார்கள்.

அப்படியானால் பழைய தக்கையை என்னதான் செய்வது? விடை எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனால் அதில் கவர்ச்சி இல்லை. சேர்ப்பது, அனுப்புவது, அரைப்பது. போர்த்துக்கல்லில் குவெர்கஸ் என்ற சூழல் அமைப்பு 2008 இல் 'கிறீன் கோர்க்' திட்டத்தைத் தொடங்கியது. பல்பொருள் அங்காடிகளில் பெட்டி வைத்துத் தக்கை சேர்க்கிறார்கள். அதில் வரும் பணம் உள்நாட்டு மரங்களை நடுவதற்குச் செல்கிறது. வட அமெரிக்காவில் 'ரீகோர்க்' என்ற திட்டம் தக்கைகளைச் சேர்த்துப் பாதணியின் அடிப்பாகம் ஆக்குகிறது. மீண்டும் வைன் போத்தலுக்கு அது திரும்பாது. ஆனால் அரைத்த துகள் தரைவிரிப்பாகும். வெப்பம் காக்கும் பலகையாகும். எண்ணெயிலிருந்து செய்யும் நுரைப்பொருள் இருக்கும் இடத்தில் இது போய் அமரும். இங்கிலாந்தின் ஈற்றன் நகரில் 2019 இல் ஒரு வீட்டின் சுவரையும் கூரையையும் தக்கைக் கட்டிகளாலேயே எழுப்பினார்கள். மூலப்பொருள், தக்கைத் தொழிலில் எஞ்சிய கழிவு. கட்டடக் கலைஞனின் கற்பனைக்கு அங்கே இடமுண்டு. அந்தக் கற்பனைக்கு முன்பாக, எவரோ ஒருவர் அந்தக் கழிவை ஓரிடத்தில் குவித்திருக்கவேண்டும்.

எங்கள் ஊர்களில் இது தெரியாத விடயமல்ல. பழைய போத்தலும் பேப்பரும் கேட்டு ஒழுங்கை ஒழுங்கையாகக் குரல் கொடுத்து வந்த போத்தல் பேப்பர்காரரை இலங்கையில் வளர்ந்த எவரும் மறந்திருக்கமாட்டார். நாங்கள் எழுதிய பத்திரிகைகள் அவர் வழியாகவே பலசரக்குக் கடைக்குப் போய்ச் சரையாகின. அவர் எந்தக் கைவினைக் குறிப்பும் படித்தவரல்லர். அவரிடம் ஒரு சாக்கும் ஒரு தராசும் இருந்தன. அடுத்த கிழமையும் வருவார் என்ற நம்பிக்கை எங்களிடம் இருந்தது. மீள்பயன்பாட்டுக்கு வேண்டியது அந்த ஒழுங்குதான். அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில்தான் ஆளுக்கொரு பசைத்துப்பாக்கி தேவைப்படுகிறது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து இதனைப் படிப்போர் இந்த வேறுபாட்டை ஒரு கணம் எண்ணிப்பார்க்கவேண்டும்.

மது அருந்துவதை ஊக்குவிக்கிறேன் என்று கடிதம் எழுத ஆயத்தமாகும் அன்பர்களுக்கும் ஒரு சொல். புலம்பெயர்ந்த எம்மவரின் திருமண வரவேற்புகளில் ஒரே இரவில் எத்தனை போத்தல் திறக்கப்படுகிறது என்பதை அந்த மண்டபங்களின் குப்பைத்தொட்டிகள் அறியும். குடிப்பதா வேண்டாமா என்பது வேறு விவாதம். திறந்த போத்தலின் தக்கை எங்கே போகிறது என்பதே இங்கு கேள்வி.

வாங்குகிறவர், மரத்தில் விளைந்த தக்கையால் மூடிய போத்தலைக் கேட்டு வாங்கட்டும். காட்டுக்குப் போகும் பணம் அது ஒன்றுதான். திறந்த பின் பிளாஸ்ரிக்கைப் பிரித்துவிட்டு, தக்கையை ஒட்டாமல், பூசாமல் ஒரு பையில் போட்டு வைக்கட்டும். சேர்க்கும் இடம் அருகில் இருந்தால் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இல்லாவிட்டால், போத்தல் விற்ற கடைக்காரரிடம் ஏன் இல்லை என்று கேட்கட்டும். ஒரு முறையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். பத்து வாடிக்கையாளர் பத்து முறை கேட்டால் அங்கே ஒரு பெட்டி வரும்.

பத்திரிகை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த நத்தாருக்கு அந்த இருபது பொருட்களின் கட்டுரை மேசைக்கு வரும்போது, கடைசி வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில், உங்கள் நகரில் தக்கை சேர்க்கும் இடத்தின் விலாசத்தைப் போடுங்கள். அப்படியோர் இடம் இல்லையென்றால், அதுவே உங்கள் செய்தி.